தாடை, கடி, விழுங்கல்: மூன்றும் சேர்ந்து படுத்தும்போது விடை தேடுவது எப்படி

காலையில் எழுந்தால் வாய் முழுதாகத் திறக்க வரவில்லை. கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். பல்லைச் சேர்த்துப் பார்த்தால் முன்பு சேர்ந்த இடத்தில் சேரவில்லை; மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதத்தைத்தான் 'கடி' என்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு வாயையும் நினைத்து நினைத்து விழுங்க வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்று வந்தாலே பெரும்பாடு. மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் எந்த மருத்துவரிடம் போவது என்பதே தெரியாது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு "பல் நல்லாத்தான் இருக்கு" என்பார். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு "தொண்டையில் ஒன்றும் இல்லை" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். உங்கள் தொல்லையும் உண்மைதான்.

நான் இப்படி இரண்டரை வருடம் அலைந்தேன். கீழ் வலது கடவாய்ப் பல்லுக்கு கேப் போட்ட பிறகு தொடங்கியது. அந்த அலைச்சலில் இரண்டு விஷயங்கள் எனக்கு நன்றாகப் புரிந்தன. இந்தத் தொல்லை பல துறைகளுக்கு நடுவில் விழுந்து கிடக்கிறது; முழுக் கதையையும் கையில் வைத்திருக்கும் ஒரே ஆள் நோயாளிதான். இன்னொன்று, காரணம் தெரியும் முன்பே திரும்பப் பெற முடியாத எந்தச் சிகிச்சைக்கும் தலையாட்டக் கூடாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான். இதைப் படித்து யாரும் தனக்குத் தானே நோய்ப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். சரியான மருத்துவர் முன் சரியான தகவலோடு போய் உட்கார இது உதவினால் போதும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

நிதானமாக விடை தேடலாம் என்று சொல்வதற்கு முன், நிதானம் கூடாத இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டது இறங்காமல் மாட்டிக்கொண்டு எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிகிறது என்றால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். திடீரென்று பேச்சு குழறி, முகம் ஒரு பக்கம் கோணி, விழுங்கவும் முடியவில்லை என்றால் பக்கவாதமாக இருக்கலாம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தாலும் அப்படியே. மாடி ஏறும்போது தாடை வலித்து, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை, பல்லை அல்ல. காய்ச்சலோடு தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்காமல், குரலும் அடைத்துப் போனால் பல்லிலோ தொண்டையிலோ சீழ் பிடித்திருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும். கொட்டாவி விட்ட வாய் மூடவே இல்லை என்றால் மூட்டு நழுவியிருக்கிறது.

50 வயதைத் தாண்டியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று தனியாக உண்டு. மெல்லும்போது தாடை வலி ஏறி, மெல்லுவதை நிறுத்தினால் அடங்குகிறது, புதிதாகத் தலைவலி, தலை சீவினால் தோல் வலிக்கிறது, பார்வை சற்று மங்குகிறது. இது ஜெயண்ட் செல் ஆர்டெரைட்டிஸ் என்னும் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தாலே மருத்துவர்கள் ஸ்டீராய்டை உடனே தொடங்கிவிடுவார்கள். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு எளிய ரத்தப் பரிசோதனைகள் முதல் துப்பைக் கொடுக்கும்.

அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்ற வகை அடுத்தது. விழுங்கும் சிரமம் வாரத்துக்கு வாரம் கூடுவது, முயற்சி செய்யாமலே எடை குறைவது, எச்சிலிலோ வாந்தியிலோ ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், கழுத்தில் கட்டி, வாயில் ஆறாத புண் அல்லது வெள்ளை, சிவப்புத் திட்டு, கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போவது, காது நன்றாக இருந்தும் ஒரே பக்கக் காதில் விடாத வலி. இவற்றில் எது இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மற்ற பேச்சு. பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். இருந்தாலும் வரிசை இதுதான்.

மூன்றும் ஏன் சேர்ந்தே வருகின்றன

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு, பிறகு முன்னால் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. முதலில் கதவுக் கீல் போலச் சுழலும். பிறகு வழுக்கி முன்னே போகும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு இடம் விலகி, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பி விழும் ஒலிதான் பல பேருக்கு வரும் 'டக்'.

நாக்குக்கு அடியில், குரல்வளைக்கு மேலே, ஹையாய்டு என்று லாட வடிவத்தில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அது வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேரவில்லை. தசைகளாலும் நார்களாலும் தொங்குகிறது. அதைத் தூக்கிப் பிடிக்கும் தசைகளில் பல, கீழ்த்தாடையிலிருந்து வருபவை. விழுங்கும்போது தாடை ஒரு கணம் நிலையாக நிற்கும். அந்தப் பிடிமானத்தில் இந்தத் தசைகள் ஹையாய்டையும் குரல்வளையையும் மேலும் முன்னும் இழுக்கும். மூச்சுப்பாதை மூடும், உணவுக்குழாயின் வாசல் திறக்கும், வாயில் இருந்தது இறங்கும். தொண்டைக்குள் நடக்கிற இந்தப் பகுதி மொத்தமும் சுமார் ஒரு விநாடி. தாடைத் தசை இறுகியிருந்தால், பல் எங்கே சேர்வது என்று தடுமாறினால், அந்த ஒரு விநாடி வேலை கனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் தாடைதான் காரணமா? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், பல் கடி சரியாக இல்லாததையும் காதுத் தொல்லைகளையும் முடிச்சுப் போட்டு எழுதினார். அதன் பிறகு பல்லாண்டுக் காலம், தாடை வலி என்றாலே கடியைச் சரிசெய் என்ற எண்ணம் ஓடியது. இன்றைய புரிதல் அப்படி இல்லை. தசை, மூட்டு, தூக்கம், மன அழுத்தம், உடலின் வேறு வலிகள், மரபு எனப் பலதும் சேர்ந்து உண்டாக்குவது தாடை வலி. கடி அதில் ஒரு சிறு பங்குதான். தாடை வலி இருப்பவருக்கு விழுங்கும் சிரமமும் வந்தால், அதற்கு உணவுக்குழாயில் முற்றிலும் தனியான காரணம் இருக்கலாம். மூன்று தொல்லைக்கும் ஒரே வேர் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். தொடக்கத்திலேயே முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முதல் படி: கதையை எழுதுங்கள்

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும். எனக்கு ஐந்தாவது மருத்துவரிடம்தான் கேப் போட்ட தேதிக்கும் வலி தொடங்கிய தேதிக்கும் பத்து நாள்தான் இடைவெளி என்பதே உறைத்தது. அதனால் ஒரே ஒரு பக்கத்தில் கால வரிசையாக எழுதுங்கள். என்றைக்குத் தொடங்கியது, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் என்ன நடந்தது: பல் சிகிச்சை, நீண்ட நேரம் வாய் திறந்து வைத்திருந்தது, அறுவைக்காகத் தொண்டைக்குள் குழாய் போட்டது, அடிபட்டது, புது மாத்திரை, பெரிய கவலை.

மாத்திரைகளின் பெயர்களைத் தவறாமல் எழுதுங்கள். மன அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகள் பல்லை நறநறவென்று கடிக்க வைக்கும். குமட்டலுக்கான மெட்டோகுளோபிரமைடும் மனநோய்க்கான சில மருந்துகளும் தாடையையும் நாக்கையும் தானாக இழுக்க வைக்கக்கூடும். அலர்ஜி மாத்திரைகள் பல, வாயை உலர்த்தி விழுங்குவதைச் சிரமமாக்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் போன்றவை போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

அடுத்து, விழுங்கும் சிரமத்தைப் பிரித்து எழுத வேண்டும். 'விழுங்க முடியவில்லை' என்ற ஒரு சொல்லில் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

கெட்டியானது மட்டும் மாட்டி, தண்ணீர் எளிதாக இறங்குகிறதா? அப்படியானால் எங்கோ குறுகல் இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே கெட்டியானதும் தண்ணீரும் இரண்டுமே மாட்டுகிறதா? உணவுக்குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம். தண்ணீர் குடித்தால்தான் அதிகம் புரையேறுகிறது, சில நேரம் மூக்கு வழியாக வருகிறது, குடித்த பிறகு குரல் களகளவென்று ஈரமாக ஒலிக்கிறது என்றால் நரம்பு, தசைப் பக்கம் பார்க்க வேண்டும். சாப்பிடும்போது ஒன்றும் இல்லை, சும்மா இருக்கும்போதுதான் தொண்டையில் உருண்டை இருப்பது போலத் தோன்றுகிறது என்றால் அதற்கு குளோபஸ் என்று பெயர். தொல்லை பிடித்ததுதான், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. வலியோடு இறங்குகிறது என்றால் அது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

எங்கே மாட்டுகிறது என்று விரலால் காட்டச் சொல்வார்கள். நெஞ்சைக் காட்டினால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கழுத்தைக் காட்டினால் கழுத்தாகவும் இருக்கலாம், கீழே நெஞ்சின் அடிப்பகுதியாகவும் இருக்கலாம். உணர்வு மேலே ஏறித் தெரியும். அதனால் தொண்டையை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடித்துவிட்டால், உணவுக்குழாய் முழுவதும் பார்க்கப்பட்டதா என்று கேட்பதில் தவறே இல்லை.

சிறு வயதிலிருந்தே பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவரா, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் தேவைப்படுகிறதா, கூடவே ஆஸ்துமாவோ அலர்ஜியோ உண்டா? இதை மறக்காமல் எழுதுங்கள். ஈசினோபிலிக் ஈசோபேஜைட்டிஸ் என்ற அலர்ஜி சார்ந்த அழற்சி இப்படித்தான் பல வருடம் 'மெதுவாகச் சாப்பிடுகிற ஆள்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

மெல்லுவதில் கவனிக்க வேண்டியது சோர்வு. சாப்பாட்டின் தொடக்கத்தில் நன்றாக மென்று, போகப் போகத் தாடை தளர்ந்து, முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதா? மாலையானால் இமை சரிகிறதா, பொருள் இரண்டாகத் தெரிகிறதா? மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் முகம் இது. தாடையும் விழுங்கலும் சேர்ந்து வரும் நோய்களில் இதுதான் அடிக்கடி தவறவிடப்படுகிறது என்பது என் எண்ணம். சொன்னால்தான் மருத்துவருக்குத் தோன்றும். ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்களைப் பார்ப்பதில் தொடங்கிக் கண்டுபிடிக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தைத் திருப்பினாலும் விழுங்கினாலும் தொண்டையின் ஒரு பக்கம் குத்தி, காதுக்குப் போகிறதா? காதுக்குக் கீழே உள்ள ஸ்டைலாய்டு எலும்பு நீண்டிருக்கலாம். 1937இல் வாட் ஈகிள் என்ற மருத்துவர் விவரித்ததால் ஈகிள் சிண்ட்ரோம் என்பார்கள். நீண்ட எலும்பு உள்ள பலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது என்பதால், படத்தில் நீளம் தெரிந்தாலே அதுதான் காரணம் என்றாகிவிடாது. காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்பக்கம் பட்டை பட்டையாக இறுகி வாய் சிறுத்து வருகிறது என்றால் பாக்கு மென்ற பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறது, தோல் இறுகுகிறது என்றால் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் ஸ்கிளெரோடெர்மா என்ற நோயாக இருக்கலாம். காலையில் விரல் மூட்டுகளும் விறைக்கின்றன என்றால் முடக்கு வாதமாக இருக்கலாம். குறட்டை, பகல் தூக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். இரவில் பல் கடிப்பது சிலருக்கு அதோடு சேர்ந்தே வருகிறது.

இரண்டாம் படி: கண்ணாடி முன் அளந்து பாருங்கள்

ஒரு சிறு ஸ்கேலை எடுத்து, வலிக்காத அளவுக்கு வாயைத் திறந்து, மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்புவரை அளந்து குறியுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 55 மில்லிமீட்டர். ஸ்கேல் இல்லையென்றால் உங்கள் கையின் நடு மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு நடுவில் நுழைகின்றனவா என்று பார்க்கலாம். 35க்குக் கீழே இருந்தால் அதை மருத்துவரிடம் எண்ணாகவே சொல்லுங்கள். 'சரியாகத் திறக்கவில்லை' என்பதைவிட '31 மில்லிமீட்டர், போன மாதம் 38' என்பது பத்து மடங்கு வேலை செய்யும்.

திறக்கும்போது முகவாய் போகும் பாதையையும் பாருங்கள். ஒரு பக்கம் வளைந்து மறுபடி நடுவுக்கு வந்துவிட்டால், 'டக்' சத்தத்தோடு தட்டு திரும்பி விழுகிற வகையாக இருக்கலாம். ஒரு பக்கமாகவே போய் அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பக்க மூட்டு நகரவில்லை என்று பொருள். பல நாள் வந்த சத்தம் ஒரு நாள் திடீரென்று நின்று, அன்றிலிருந்து வாயும் திறக்காமல் போயிருந்தால், சத்தம் நின்றதே என்று நிம்மதி அடையாதீர்கள். தட்டு முன்னால் மாட்டிக்கொண்டிருக்கலாம். மாதக்கணக்கில் தள்ளாமல் சில நாள்களுக்குள் காட்டுங்கள்.

கன்னத்தை விலக்கி, பற்கள் சேர்ந்த நிலையில் முன்னால், வலம், இடம் என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். முன்பு பல்லுக்கு கிளிப் போட்டிருந்தால் அந்தக் காலத்துப் பல் அச்சும் எக்ஸ்ரேயும் பொக்கிஷம். கடி உண்மையில் நகர்ந்ததா, நகர்ந்ததாகத் தோன்றுகிறதா என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கும். சாப்பிடும்போது புரையேறினால் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வைப்பதும், வாரம் ஒருமுறை எடை பார்ப்பதும் நல்லது.

படம் மாதம் ஒருமுறை போதும். தினமும் பல்லைச் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: யாரிடம், எந்த வரிசையில்

விழுங்குவதில் உண்மையான தடை இருந்தால் அதற்குத்தான் முதல் இடம். பொது மருத்துவரிடம் தொடங்கி, காது மூக்கு தொண்டை மருத்துவர், தேவைப்பட்டால் இரைப்பைக் குடல் மருத்துவர். தாடையும் கடியும் மட்டுமே என்றால் முதலில் பல் மருத்துவர்: விரிசல் விட்ட பல், அடியில் சீழ், முளைக்காத ஞானப்பல், உயரமாக நிற்கும் கேப் அல்லது ஃபில்லிங் என எளிய காரணங்களை ஒதுக்க. அவை இல்லை என்றானதும், வாய் முக வலியைத் தனியாகப் பார்ப்பவரிடமோ முகத்தாடை அறுவை மருத்துவரிடமோ போகலாம். அறுவை மருத்துவர் என்றதும் பயம் வேண்டாம். தாடை மூட்டுத் தொல்லைகளில் பெரும்பாலானவை அறுவை இல்லாமலே சரியாகின்றன. சோர்வு, மரத்துப்போதல், பேச்சு மாற்றம் இருந்தால் நரம்பியல்.

பலர் மறந்துவிடும் ஓர் ஆள், பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர். 'பேச்சு' என்ற பெயரைப் பார்த்துவிட்டு எனக்கு எதற்கு என்று நானும் ஆறு மாதம் போகவில்லை. கடைசியில் போனபோது அவர் பெருவிரலை என் முகவாய்க்கு அடியில் வைத்து, "எச்சில் விழுங்குங்க" என்றார். விழுங்கினேன். "இப்ப விழுங்கி முடிச்சாச்சு. ஆனா இந்தத் தசை இன்னும் விடலை பாருங்க," என்று என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். கல்லாக இருந்தது. அதை நான் நாள் முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

நான்காம் படி: எந்தச் சோதனை எதைக் காட்டும்

இரு தாடைகளையும் ஒரே படத்தில் எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரே பல்லையும் எலும்பின் வெளிக்கோட்டையும் காட்டும். மூட்டுக்குள் இருக்கும் தட்டைக் காட்டாது. எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று நுணுக்கமாகப் பார்க்க கோன்பீம் சிடி. தட்டையும் மூட்டில் நீர் கோத்திருப்பதையும் பார்க்க எம்ஆர்ஐ. அது வாய் மூடியும் திறந்தும் இரு நிலையிலும் எடுக்கப்பட வேண்டும். ஆனால் எம்ஆர்ஐ அறிக்கையில் 'தட்டு விலகியிருக்கிறது' என்று பார்த்ததும் இடிந்துபோக வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படித்தான் இருக்கிறது. படமும் வலியும் பொருந்தினால்தான் அது காரணம்.

விழுங்கலுக்கு வருவோம். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, நீங்கள் விழுங்கும்போதே தொண்டையைப் பார்ப்பது ஒரு வகை. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்ததை விழுங்க வைத்து எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பது இன்னொன்று. அந்த ஒரு விநாடி வேலையில் எந்தக் கட்டத்தில் பிசகுகிறது என்பது அதில் தெரியும். வாய் வழியாக எண்டோஸ்கோப்பி செய்வது உணவுக்குழாயின் உட்பக்கத்தைப் பார்க்க. கெட்டியானது மாட்டுகிறது என்று போகிறீர்கள் என்றால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் திசு எடுத்துச் சோதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஈசினோபிலிக் வகை சில நேரம் கண்ணுக்குத் தெரியாது, திசுவில்தான் தெரியும். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கெட்டியானதும் தண்ணீரும் மாட்டுகிறது என்றால் மனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனை அடுத்த படி. அக்கலேசியா போன்ற அசைவுக் கோளாறுகளை உறுதிசெய்வது அதுதான்.

எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முன், "இதில் என்ன வந்தால் சிகிச்சை மாறும்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

ஐந்தாம் படி: கடி மாறிவிட்டது என்று தோன்றினால்

இது நான் மிகவும் அடிபட்ட இடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கடி உண்மையாகவே மாறக்கூடும். மூட்டில் நீர் கோத்தால் அந்தப் பக்கக் கடவாய்ப் பற்கள் சேராது. தாடையின் உள்தசை ஒன்று இறுகினால் திடீரென்று எல்லாம் இடம் மாறியது போலிருக்கும். மூட்டு எலும்பு கரைந்தால் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவில் இடைவெளி விழும். பல்லைக் காக்கப் போடும் உறையான பல் கார்டில் சில பற்களை மட்டும் மூடும் வகையைப் பல மாதம் போட்டாலும், தூக்கத்தில் மூச்சு நிற்பதற்காகத் தாடையை முன்னிழுக்கும் கருவியைப் போட்டாலும் பற்கள் நகரலாம். இவற்றில் சில தாமாகத் திரும்பி வரும், சில வராது.

கடி மாறாமலே மாறியதாகத் தோன்றுவதும் உண்டு. 1976இல் ஜோசப் மார்பக் என்ற பல் மருத்துவர் இதற்குப் பொய்த்தோற்றக் கடி என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். இது கற்பனை அல்ல. பல்லைச் சுற்றியுள்ள நார்களில் இருக்கும் உணர்வு நரம்புகள் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குத் தடிமனைக்கூட உணரக்கூடியவை. சாதாரணமாக மூளை அந்தச் செய்தியை ஒதுக்கிவிடும். ஏதோ ஒரு சிகிச்சைக்குப் பிறகு கவனம் அங்கேயே போய் நிலைத்துவிட்டால், ஒதுக்குவது நின்றுவிடுகிறது. தினமும் பல்லைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்றது இதனால்தான். பார்க்கப் பார்க்க அந்தப் பாதை ஆழமாகும்.

நான் போன ஓர் இடத்தில், நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்து "கடிங்க, உரசுங்க" என்றார்கள். நீலம் பட்ட இடத்தைத் தேய்த்தார்கள். இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் வேறு இடம் இடித்தது. மறுபடி நீலத் தாள், மறுபடி தேய்ப்பு. நான்காம் முறை நாற்காலியில் சாய்ந்து "கடிங்க" என்றபோது, என் பல் இயல்பாக எங்கே சேரும் என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. நான் அழுதது அன்றுதான்.

புதிதாகப் போட்ட கேப் உயரமாக இருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்வது நியாயம். அது ஓரிரு முறையில் முடிய வேண்டும். அதற்கு மேல், தாடை வலிக்காக நல்ல பல்லைத் தேய்ப்பது, வாய் முழுக்க கேப் போட்டுக் கடியை உயர்த்துவது, வலிக்கு மருந்தாக கிளிப் போடுவது, மூட்டு அறுவை ஆகியவை முதல் சிகிச்சையாக வரக்கூடாது. 1980களில் அமெரிக்காவில் தாடை மூட்டுக்குள் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளை வைத்தார்கள். அவை உள்ளே நொறுங்கி, சுற்றியிருந்த எலும்பை அரித்து, 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை வைத்துக்கொண்டவர்களில் பலர் அதன் பிறகு பல அறுவைகளைக் கடந்து வாழ வேண்டியிருந்தது. அவசரப்பட்ட சிகிச்சைக்கு இந்தத் துறையில் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

யாராவது மாற்ற முடியாத ஒன்றைச் சொன்னால் நான்கு கேள்வி கேளுங்கள்: நோயின் பெயர் என்ன? இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு முன் முயலக்கூடிய, எடுத்துவிடக்கூடிய சிகிச்சை எது? பலன் இல்லையென்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? பதில் தெளிவாக இல்லையென்றால் வீட்டுக்கு வந்து யோசியுங்கள், இன்னொருவரிடம் காட்டுங்கள்.

விடை வரும்வரை செய்யக்கூடியவை

சாப்பிடாத, பேசாத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. உதடு சேர்ந்திருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும். 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேலே தொட்ட இடத்தில் அதை அப்படியே மென்மையாக வைத்துக்கொண்டால் பல் தானாக விலகி நிற்கும். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரு சிறு புள்ளி ஒட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைச் சோதியுங்கள். எனக்கு எந்த மாத்திரையைவிடவும் இது அதிகம் உதவியது.

இளஞ்சூட்டு ஒத்தடம் பதினைந்து நிமிடம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள். சூயிங்கம் வேண்டாம். வலி அதிகமான நாள்களில் மென்மையான உணவு, குறைந்ததும் மெல்ல மெல்லப் பழைய உணவு. ஒரேயடியாகக் கூழாகவே சாப்பிட்டால் தசை இன்னும் பலவீனமாகும். பல் கார்டு போடுவதென்றால் ஒரு வரிசைப் பற்கள் அனைத்தையும் மூடும் கெட்டியான வகை, அளவெடுத்துச் செய்தது, அவ்வப்போது சரிபார்க்கப்படுவது. பிசியோதெரபி நன்றாகப் பலன் தரும். வலியை மீறி இழுத்துத் திறக்கும் பயிற்சியை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

விழுங்கலுக்கு: நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு வாயாக, பேசாமல் சாப்பிடுங்கள். முடித்த பிறகு அரை மணி நேரம் படுக்க வேண்டாம். மாத்திரைக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர். முகவாயைக் கீழே தாழ்த்தி விழுங்குவது, தண்ணீரைக் கெட்டியாக்கிக் குடிப்பது போன்ற உத்திகள் சிலருக்கு நன்மை, சிலருக்குத் தீமை. சோதனை பார்த்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்தால்

அறிக்கைகள் எல்லாம் கையில், எல்லாவற்றிலும் 'நார்மல்', வலி மட்டும் அப்படியே. இந்த இடத்தில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். நார்மல் என்றால் ஆபத்தான பட்டியல் சுருங்கியிருக்கிறது என்று பொருள். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. தசையின் வேலையில் உள்ள கோளாறும், நரம்பு மண்டலம் வலிக்குக் கூர்மையாகிப் போனதும் படத்தில் விழாது. இவற்றுக்கு விழுங்கல் பயிற்சி, பிசியோதெரபி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. மனநலப் பக்கம் அனுப்பினால் 'கதை விடுகிறாள் என்று நினைக்கிறார்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட வலிக்கு அது நேரடியான சிகிச்சை. ஆனால் அனுப்புகிற மருத்துவர் அடுத்த சந்திப்புக்குத் தேதி கொடுக்க வேண்டும். புதிதாக எதுவும் சேர்ந்தால், குறிப்பாக எடை குறைந்தாலோ புரையேறுவது கூடினாலோ, பழைய 'நார்மல்' காலாவதியாகிவிட்டது. மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

என் வாய் இப்போது 44 மில்லிமீட்டர் திறக்கிறது. கொட்டாவியில் சத்தம் வருகிறது, வலி இல்லை. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள், விட்டுவிட்டேன். யோசிக்காமல் விழுங்குகிறேன். எல்லாம் தொடங்கிய அந்த கேப் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தேய்த்த பற்களில் ஒன்று மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்றைக்கும் கூசுகிறது.